உளைச்சல் வேறு, குடைச்சல் வேறு

என் தூக்கம் எந்த நாளில் கெட்டது என்று என்னால் சொல்ல முடியாது. அது எப்படித் திரும்பி வந்தது என்பதை ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அந்த ஒன்றரை ஆண்டும் நான் குறிப்பேடு வைத்திருந்தேன். மகன் பாதியில் விட்ட கணக்கு நோட்டு அது. முன்பக்கங்களில் அவனுடைய பின்னங்களும் அவற்றுக்குப் பின்னால் என் இரவுகளும் இருக்கின்றன: எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை முறை எழுந்தேன், எழுந்தபோது உடம்பு என்ன செய்தது. வைட்டமின் டி சாப்பிட்டால் தூக்கம் வருமா என்று கேட்கிறவர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் அந்த நோட்டில்தான் இருக்கிறது. ஒரே சொல்லில் அடங்காத பதில் என்பதால் விரித்து எழுதுகிறேன்.

2022 தொடக்கத்தில் எனக்கு வயது 44. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சென்னையின் தெற்குப் புறநகரில், மூன்று பக்கமும் அடுக்ககங்கள் நெருக்கி நிற்கும் கட்டடமொன்றின் முதல் மாடியில், சன்னலோரத்து மேசைதான் என் அலுவலகம். இரவு 11 மணிக்குப் படுத்தால் 12 மணி வரை புரண்டுகொண்டிருப்பேன். எப்படியோ கண் அயர்ந்தால் 2 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு விடியும் வரை கோழித்தூக்கம்தான். காலை 5.30க்கு அலாரம் அடிக்கும்போது படுக்காமலே எழுந்தவளைப் போல இருக்கும். ஒற்றுப்பிழைகள் என் கண்ணில் படாமல் அச்சுக்குப் போகத் தொடங்கி, அதைப் பதிப்பாசிரியர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு சுட்டிக்காட்டிய பிறகுதான், இதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மருத்துவரிடம் போவதற்கு முன்பே வைத்தியம் வீடு தேடி வந்தது. உறவில் அக்கா முறையாகும் ஒருவர் தொலைபேசியில் பேசும்போது, "வைட்டமின் டி பாத்தியா? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நாலு பாக்கெட் பால்ல கலந்து குடிச்சேன், இப்ப அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன்" என்றார். சென்னையில் இருந்துகொண்டு வெயில் போதவில்லை என்பதா என்று அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரித்திருக்கக் கூடாது. நம் தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட புற ஊதா பி கதிர் அதன் மேல் விழும்போதுதான் வைட்டமின் டி உருவாகத் தொடங்குகிறது. அந்தக் கதிர் சாதாரணச் சன்னல் கண்ணாடியைத் தாண்டாது. ஆக, ஆண்டுக்கணக்காகக் கண்ணாடிச் சன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சத்தில்தானே இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பொருளே இல்லை. காலை 6 மணிக்கு மொட்டை மாடியில் நடந்த நடைக்கும் இந்தக் கணக்கில் மதிப்பு கிடையாது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர்கள் காற்றுமண்டலத்தின் நீண்ட பாதையிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், கிட்டத்தட்ட நம் அட்சரேகையிலேயே இருக்கும் திருப்பதியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயில்தான் வைட்டமின் டி உண்டாவதற்கு ஏற்றது என்று தெரிய வந்தது. நாம் எந்த நேரத்து வெயிலுக்குப் பயந்து குடை பிடிக்கிறோமோ, முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறோமோ, அதே நேரம். போதாக்குறைக்கு, தோலின் கருமை அதே கதிரைத் தடுக்கும் இயற்கைக் குடையாகவும் இருக்கிறது. வெளுத்த தோலுக்குப் போதுமான நேரம் நமக்குப் போதாது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் பயன்படும் நேரம் என்று எளிய கணக்கு ஒன்று உண்டு. என் நிழல் குட்டையாகும் நேரத்தில் நான் வெளியில் நின்று எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். கணக்குப் பிடிபடவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, ஆய்வகத்திலிருந்து வந்த இளைஞர் கூடத்தில் நின்றபடியே ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே கைப்பேசிக்கு வைட்டமின் டி அறிக்கை வந்தது: ஒரு மில்லிலிட்டருக்கு 9.4 நானோகிராம். எண்ணைச் சிவப்பில் போட்டு, பக்கத்தில் 'குறைபாடு' என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பயம் வரவில்லை, நிம்மதி வந்தது. இரண்டு ஆண்டுகளாகப் பெயரில்லாமல் கிடந்த ஒன்றுக்கு எண்ணும் நிறமும் கிடைத்துவிட்டன அல்லவா? அந்த நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்பது பின்னால்தான் விளங்கியது.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தோலில் உண்டாகும் வைட்டமினும் வாய் வழியாகப் போகும் வைட்டமினும் கல்லீரலுக்குப் போய் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற வடிவம் பெறுகின்றன. சிறுநீரகம் அதைத் தேவைக்கேற்ப மேலும் மாற்றி, உடலில் வேலை செய்யும் ஹார்மோனாக்குகிறது. வேலை செய்யும் வடிவம் சில மணி நேரமே ரத்தத்தில் இருப்பது. அதன் அளவை உடம்பு இறுகப் பிடித்து வைத்திருப்பதால், கையிருப்பு வற்றிய பிறகும் அது சரியாக இருப்பதுபோலத் தோன்றும். கல்லீரல் வடிவமோ இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறைதான் பாதியாகக் குறையும். அதனால் கையிருப்பைக் காட்டும் கணக்குப் புத்தகமாக அதையே அளக்கிறார்கள். மருந்து தொடங்கிய பதினைந்தாம் நாளே மறுபடி பரிசோதிப்பதில் பயனில்லை, மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

எத்தனை இருந்தால் போதும் என்பதில்தான் சண்டை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பு 2010இல், 20 நானோகிராம் இருந்தால் ஏறத்தாழ எல்லோருடைய எலும்புக்கும் போதும் என்றது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி, 20க்குக் கீழே குறைபாடு, 30க்குக் கீழே போதாமை என்று கோட்டை உயர்த்திப் போட்டது. நம்மூர் ஆய்வக அறிக்கைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கோட்டையே பின்பற்றுவதால், 20க்கும் 30க்கும் இடையில் இருப்பவர்களெல்லாம் ஒரே இரவில் நோயாளிகளாகிப் போனார்கள். 2024இல் அதே சொசைட்டி அந்த 30 என்ற கோட்டைக் கைவிட்டது. நோய் ஏதும் இல்லாத பெரியவர்கள் வழக்கமாக இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. என் 9.4 எந்தக் கோட்டின்படி பார்த்தாலும் குறைவுதான், அதில் விவாதமில்லை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதிப் பொது மருத்துவரிடம் போனேன். அவர் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் படுக்கச் சொல்லி, கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினார். தடவிக்கொடுத்தது போன்ற அழுத்தம்தான். ஆனால் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். "இங்க வலிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. முதுகு, இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்த ஒரு பொதுவான அசதியாகத்தான் அதை நான் அறிந்திருந்தேன். அவர் விளக்கிய முறை இன்னும் நினைவிருக்கிறது. வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பாட்டிலிருக்கும் சுண்ணாம்புச்சத்தைக் குடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. ரத்தத்தில் அது குறையக் கூடாது என்பதற்காகப் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து கடன் வாங்கும். புதிதாக உண்டாகும் எலும்பும் கெட்டிப்படாமல் மெத்தென்று நின்றுவிடும். எலும்புக்குள் அவ்வளவாக நரம்பு இல்லை, ஆனால் அதைப் போர்த்தியிருக்கும் உறையில் நிறைய நரம்பு உண்டு. மெத்தென்ற எலும்பு நீர் கோத்து அந்த உறையைத் தள்ளும்போது வலிக்கிறது. "பகல்ல வேலையில தெரியாது. ராத்திரி திரும்பிப் படுக்கும்போது தெரியும். அதுலதான் முழிப்பு வருது" என்றார்.

வைட்டமினுக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு மண்ணில் கால் ஊன்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்குள் நான் இணையத்தில் வாசித்திருந்தவை எல்லாம் மூளையைப் பற்றியவை. 2012இல் ஸ்டாஷா கோமினாக் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவரும் வால்டர் ஸ்டம்ப் என்ற ஆய்வாளரும் சேர்ந்து, உலகெங்கும் தூக்கக் கோளாறுகள் பெருகுவதற்கு வைட்டமின் டி குறைபாடே காரணம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். தூக்கத்தை ஆளும் மூளைப் பகுதிகளில் இந்த வைட்டமினுக்கான ஏற்பிகள் இருக்கின்றன என்பது ஸ்டம்ப் பல ஆண்டுகள் உழைத்துக் காட்டிய உண்மை. அதன் மேல் கோமினாக் தன்னிடம் வந்த ஏறத்தாழ 1,500 நோயாளிகளின் அனுபவத்தை வைத்து, அளவை 60க்கும் 80க்கும் இடையில் பல மாதம் நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் தூக்கம் சீராகிறது என்றார். ஆனால் அது ஒப்பீட்டுக் குழு இல்லாத அனுபவம். கருதுகோள்களை வெளியிடுவதற்கென்றே நடக்கும் இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்துத் தூக்கம் சற்று மேம்பட்டவர்களில் எத்தனை பேர் மருந்து இல்லாமலும் மேம்பட்டிருப்பார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பிற்பாடு வந்த ஆய்வுகள் கலவையானவை. 2018இல் ஈரானில், தூக்கக் கோளாறு உள்ள 89 பேரைப் பிரித்து ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 50,000 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் பன்னாட்டு அலகு) வீதம் எட்டு வாரம் கொடுத்தபோது, அவர்களுடைய தூக்க மதிப்பெண் மற்றவர்களுடையதைவிட நன்றாக மேம்பட்டது. ஆனால் 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாதவிடாய் நின்ற, உடல் எடை கூடிய 218 பெண்கள் ஓராண்டு பங்கேற்றார்கள். தினம் 2,000 ஐ.யூ. எடுத்துக்கொண்டதால் தூக்கத்தில் பொதுவாக எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. ரத்த அளவு நன்றாக ஏறியவர்களுக்குத் தூக்கத்தின் தரம் சற்றுக் கெட்டும் போயிருந்தது. முதல் ஆய்வை எனக்கு அனுப்பியவர்கள் பத்துப் பேர். இரண்டாவதை நானாகத் தேடித்தான் படித்தேன்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது வாரம் ஒரு பாக்கெட், எட்டு வாரம். ஒவ்வொன்றிலும் 60,000 ஐ.யூ. கூடவே சுண்ணாம்புச்சத்து மாத்திரை. 60,000 என்றால் மலைப்பாக இருக்கும். எடையாகப் பார்த்தால் அது ஒன்றரை மில்லிகிராம்தான்; பாக்கெட்டில் இருக்கும் மீதித் துகள் முழுவதும் சர்க்கரையும் வாசனையும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெதுவெதுப்பான பாலில் அதைக் கொட்டிக் கலக்குவேன். பாதி கரையும், பாதி மஞ்சள் நுரையாக டம்ளரின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பில் கரையும் பொருள் அது, அதனால் ஆடை நீக்காத பாலில் குடிக்க வேண்டும், வெறும் வயிற்றில் அல்ல. ஒட்டியதை விடக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் பால் ஊற்றி அலசிக் குடிப்பேன். சைவமான என் மாமியார் இது எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டபோது, பெரும்பாலும் ஆட்டு ரோமத்தில் இருக்கும் மெழுகிலிருந்து என்று உண்மையைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "மயிருதானே, வெட்டுனா ஆடு சாகாது" என்று தீர்ப்பளித்தார்.

நோட்டை அப்போதுதான் தொடங்கினேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1989இல் உருவாக்கிய ஒரு தூக்கக் கேள்விப் பட்டியல் உண்டு. 0 முதல் 21 வரை மதிப்பெண். 5க்கு மேல் போனால் தூக்கம் சரியில்லை என்று பொருள். மார்ச் மாதத்தில் எனக்கு 14. முதல் நான்கு வாரம் நோட்டில் எந்த மாற்றமும் இல்லை. ஆறாவது வாரத்தில், திரும்பிப் படுக்கும்போது இடுப்பு இழுத்துப் பிடிக்கவில்லை என்ற குறிப்பு முதன்முதலாக வருகிறது. எட்டாவது வாரத்தில், மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினேன் என்று எழுதியிருக்கிறேன்; அதற்கு முன் பிடித்துக்கொண்டு ஏறினேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மே மாதக் கடைசியில் மதிப்பெண் 10. கத்திரி வெயிலில், மின்வெட்டு இரவுகளையும் தாண்டி, 10.

அந்த நான்கு மதிப்பெண்ணையும் வைட்டமினுக்கே எழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் மே மாதம் பள்ளி விடுமுறை. காலை 5.30 அலாரம் கிடையாது, சாப்பாட்டு டப்பா கட்டும் வேலை கிடையாது. ஜூன் இரண்டாம் வாரம் பள்ளி திறந்ததும் மதிப்பெண் 11 ஆனது. ஆகவே மூன்று மதிப்பெண் வைட்டமினுக்கு, ஒன்று விடுமுறைக்கு என்று நானாகப் பிரித்துக் கொடுத்தேன். அறிவியல் அல்ல, கைக்கணக்கு. கணைக்கால் எலும்பை நானே அழுத்திப் பார்த்தேன்; வலி போயிருந்தது. ஜூன் கடைசியில் மறுபரிசோதனை: 38.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். மருத்துவரும் இனி மாதம் ஒன்று போதும் என்றுதான் சொன்னார். ஆனால் 11 என்பது இன்னும் 5க்கு இரண்டு மடங்குக்கு மேல். அதோடு 60 முதல் 80 வரை என்ற அந்த எண் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. 38க்கே இவ்வளவு என்றால் 60க்கு எவ்வளவு! மருந்துக்கடையில் சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, யாரிடமும் சொல்லாமல், மறுபடி வாரம் ஒன்று. அக்டோபரில் அளவு 61. தூக்க மதிப்பெண் 11. நோட்டில் அந்த மூன்று மாதப் பக்கங்களைப் பார்த்தால், ஒரே பக்கத்தைப் படி எடுத்து ஒட்டியதுபோல இருக்கும்.

அந்த 61கூட மெய்தானா என்பது தெரியாது. முடி கொட்டுகிறது என்று ஆகஸ்ட் முதல் பயோட்டின் என்ற இன்னொரு வைட்டமினை 10 மில்லிகிராம் மாத்திரையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால், பல ஆய்வக இயந்திரங்கள் பயன்படுத்தும் முறையில் வைட்டமின் டி உள்ளதைவிட உயர்வாகக் காட்டக்கூடும். பயோட்டின் இப்படிப் பல பரிசோதனைகளைக் குழப்புவதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே எச்சரித்திருந்தது. பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். ரத்தம் எடுக்க வந்தவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முடி ஏன் கொட்டுகிறது என்ற கேள்வியையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அடுத்து நடந்தது இரண்டு மாதம் முன்பே நடந்திருக்கும்.

நவம்பர் மழையில் மாமியார் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். இரவு 12 மணிக்கு நான் கூடத்தில் இருட்டில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன செய்கிறது என்று கேட்டார். "கால் உளைச்சல், அத்தை. மருந்து சாப்பிட்டும் முழுசாப் போகல" என்றேன். நடந்தால் எப்படி இருக்கிறது என்றார். நடந்தால் நன்றாக இருக்கிறது, படுத்தால் வருகிறது என்றேன். வலிக்கிறதா என்றார். வலி என்று சொல்ல முடியாது, எலும்புக்குள் ஏதோ ஊர்கிறது, காலை உதறாமல் இருக்க முடியவில்லை என்றேன்.

"இது உளைச்சல் இல்லட்டி. குடைச்சல்லா இது. உளைச்சல்னா படுத்தாத்தான் சுகம். குடைச்சல்தான் படுக்க விடாது."

சொற்களைத் திருத்திப் பிழைக்கிறவள் நான். இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை, என் காலின் மேலேயே நான் கவனித்திருக்கவில்லை. உளைச்சல் என்ற சொல்லை இப்போது நாம் மனத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம். பாட்டிமார்களுக்கு அது உழைத்து அலுத்த கைகால்களின் மந்தமான வலி. குடைச்சலை ஆளுக்கு ஆள் கொடுக்கும் தொல்லையாக மாற்றிவிட்டோம்; மூலத்தில் அது வண்டு மரத்தைக் குடைவதுபோல உள்ளே நடக்கும் வேலை. வீட்டுக்காரர் வாடகை கேட்டுக் குடைவதும் இதுவும் ஒரே சொல்தான். நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மே மாதத்துக்குப் பிறகு இடுப்பு, முதுகு என்ற சொற்களே இல்லை. கால் மட்டும் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது, அதுவும் இரவு 11க்கும் 1க்கும் இடையில் மட்டும். எட்டு மாதமாக ஒரே பெயரில் இரண்டு நோய்களை எழுதி வந்திருக்கிறேன்.

மருத்துவரிடம் இந்த முறை 'குடைச்சல்' என்ற சொல்லோடு போனேன். அவர் நான்கே கேள்விகள் கேட்டார்: காலை அசைக்க வேண்டும் என்ற உந்துதல் உண்டா, ஓய்வில் இருக்கும்போது வருகிறதா, அசைத்தால் அடங்குகிறதா, மாலையிலும் இரவிலும் கூடுகிறதா. நான்குக்கும் ஆம். 1672இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த அவதியைப் பற்றி எழுதியிருக்கிறார். சுவீடனின் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945இல் இதற்கு 'அமைதியற்ற கால்கள்' என்று பெயரிட்டார். நம் ஊரில் அதற்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது. மருத்துவர் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யச் சொன்னார். ஹீமோகுளோபின் எனக்கு 11.9, இந்தியப் பெண்களின் கணக்கில் யாரும் கண்டுகொள்ளாத எண். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11.

மூளை டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்க இரும்பு வேண்டும். அங்கே இரும்பு குறையும்போது டோபமைன் ஓட்டம் தடுமாறி, இரவில் கால் இப்படிப் படுத்துகிறது என்பதே இப்போதைய விளக்கம். ஆய்வக அறிக்கைப்படி ஃபெரிட்டின் 15க்கு மேல் இருந்தாலே பல இடங்களில் கறுப்பு எழுத்தில் வரும். ஆனால் கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு அது 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று 2018இல் வெளியான நிபுணர் வழிகாட்டுதல் சொல்கிறது. என் மாதவிடாய் இரண்டு ஆண்டுகளாக அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது, முடி கொட்டியது, படியேறினால் மூச்சு வாங்கியது. எல்லாமே ஒரே திசையைக் காட்டின. நான் மட்டும் அந்த 9.4ஐப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் நின்றுகொண்டிருந்தேன். இன்னொன்று: டியோடு சேர்த்துக் கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரையை நான் சாப்பாட்டோடு விழுங்கி வந்தேன், சாப்பாடு முடிந்த கையோடு ஒரு டம்ளர் தேநீர். இரண்டுமே இரும்பைக் குடலுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்துபவை.

இரும்பு மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு. தினமும் போட்டால் உடம்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து மறுநாள் இரும்பை உறிஞ்ச விடாது என்பதால் இந்த ஏற்பாடு. சுண்ணாம்பு இரவுக்குப் போனது. தேநீர் மாலை 4 மணிக்கு. மலச்சிக்கலும் கறுத்த மலமும் வந்தன, வயிற்றைப் புரட்டியது, இரண்டு முறை விட்டுவிட்டுத் தொடங்கினேன். குடைச்சல் உடனே போகவில்லை. ஜனவரியில் வாரத்தில் ஐந்து நாள் வந்தது மார்ச்சில் இரண்டு நாளானது. 2023 ஜூனில் ஃபெரிட்டின் 64. தூக்க மதிப்பெண் 6. வைட்டமின் டி, பயோட்டினை நிறுத்திவிட்டுப் பார்த்ததில், 41. 61இலிருந்து 20 இறங்கியிருக்கிறது, ஆனால் தூக்கம் ஏறியிருக்கிறது.

வைட்டமின் டி எனக்குத் தூக்கம் தந்ததா என்றால், எலும்பு வலியால் கெட்டிருந்த பகுதியை அது திருப்பித் தந்தது. 9.4இலிருந்து 38 வரை போன பயணத்துக்குப் பலன் இருந்தது. 38இலிருந்து 61 வரை போனதற்கு இல்லை. மாமியார் கேட்ட கேள்வியை எந்த ஆய்வகமும் கேட்கவில்லை. ஆனாலும் குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வதற்குத் தூக்கம் என்ற சாக்கு தேவையில்லை, எலும்பு ஒன்றே போதும் என்பது என் கருத்து.

பாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. உறவில் 72 வயதுப் பெரியவர் ஒருவர், வாரம் ஒன்று என்று எழுதியிருந்ததைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு, 40 நாள் விடாமல் குடித்தார். மொத்தம் 24 லட்சம் ஐ.யூ. முதலில் தாகம், பிறகு இரவில் நான்கைந்து முறை சிறுநீர், பிறகு வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம். ரத்தத்தில் சுண்ணாம்பு அளவுக்கு மீறி 13ஐத் தாண்டியிருந்தது. வயதான கோளாறு என்று வீட்டில் ஒரு வாரம் விட்டிருக்கிறார்கள். கொழுப்பில் சேர்ந்த வைட்டமின் சீக்கிரம் வெளியேறாது என்பதால், மருத்துவமனையிலிருந்து வந்த பிறகும் பல மாதம் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வலி குறையும், தூக்கம் வரும் என்று நம்பித்தான் அவரும் குடித்தார். பாக்கெட்டின் மேல் அடுத்து குடிக்க வேண்டிய தேதியைப் பேனாவால் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அதன் பிறகு வந்தது.

இப்போது மாதம் ஒரு பாக்கெட். மதியம் 12 மணிக்கு மாடியில் துணி காயப்போடுவதை என் வேலையாக மாற்றிக்கொண்டேன். கால் மணி நேரம், கையும் முழங்காலுக்குக் கீழும் வெயிலில் படும்படி. நிழல் காலடியில் குறுகிக் கிடக்கும்.

நோட்டை 2023 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டேன். சென்ற மாதம் மறுபடி எடுத்தேன். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வருகிறது. வலி இல்லை, கால் சும்மா கிடக்கிறது, ஆனால் கழுத்தும் மார்பும் பற்றி எரிவதுபோல் சுட்டு, வேர்த்து, ஐந்து நிமிடத்தில் குளிர்கிறது. மாதவிடாயும் முறை தவறுகிறது. தொலைபேசியில் அத்தையிடம் சொன்னபோது, சூடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டார். "இது காந்தல்லா" என்றார். நோட்டில் அந்தச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். புதன்கிழமை மருத்துவரிடம் போகிறேன்.